குர்குமினை நனோத்துகளில் அடைத்து மூளைப் புற்றுக் கலங்களில் சோதிப்பது எப்படி: கிழக்கின் ஆய்வுகூடங்களுக்கு ஒரு செய்முறை

வந்தாறுமூலை, ஒலுவில், சம்மாந்துறைப் பல்கலைக்கழக வளாகங்களில் இறுதியாண்டு ஆய்வுக்கு மூலிகைச் சேர்மமும் நனோத்துகளும் என்று தலைப்பு எடுக்கும் மாணவர்களை நினைத்து இதை எழுதுகிறோம். உடலில் மெல்லச் சிதையும் பீஎல்ஜீஏ எனும் பல்பகுதியத்தில், மஞ்சளின் நிறச்சேர்மமான குர்குமினை அடைத்து, யூ87 எனும் குளியோபிளாஸ்ரோமா (கொடிய மூளைப் புற்று) கலங்களில் சோதிப்பதுதான் இங்குள்ள செய்முறை. துகள் செய்வது ஒருநாள் வேலை. அந்தத் துகளுக்குள் மருந்து உண்மையில் இருக்கிறதா, கலம் அதனால்தான் செத்ததா என்று காட்டுவதுதான் பெரிய வேலை. வருகிற பிழைகளில் பெரும்பகுதி இந்த இரண்டு கேள்விகளையும் தாண்டிக் குதிப்பதால் வருவது. ஆகவே அந்த இடங்களில் நின்று நிதானமாகச் சொல்கிறோம்.

முதலில் ஒன்று. இது ஆய்வுகூடத் தட்டில் செய்யும் வேலை, நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து அல்ல. குளியோபிளாஸ்ரோமாவுக்கு இன்றைய சிகிச்சை அறுவை, கதிர், ரெமோசோலோமைட் மாத்திரை. 2005இல் வெளியான பெரிய ஆய்வில், கதிரோடு ரெமோசோலோமைட் சேர்த்தபோது இடைநிலை உயிர்வாழ் காலம் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக உயர்ந்தது. வீட்டில் யாருக்கேனும் இந்த நோய் என்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். குர்குமினை நரம்பில் ஏற்றிய பின் 2017இல் அமெரிக்காவில் ஒரு பெண் இறந்ததும் பதிவாகியிருக்கிறது. உங்கள் ஆய்வைக் கேள்விப்பட்டு அயலவர் யாராவது "மஞ்சள் கொடுத்தால் மாறுமாமே" என்று கேட்டால் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

தாவரத்திலிருந்து மருந்து வராது என்பதல்ல இதன் பொருள். நம் வளவுகளில் தானாக முளைக்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்ரின், சில மூளைக் கட்டிகளுக்குத் தரும் கூட்டு மருந்தில் நெடுங்காலமாக இருக்கிறது. குர்குமினின் சிக்கல் வேறு. அது நீரில் கரையாது. உடலில் விரைவாகச் சிதையும். இரத்த–மூளைத் தடுப்பை, அதாவது இரத்தத்திலுள்ளதை எளிதில் மூளைக்குள் விடாத நாளச் சுவரை, தாண்டிப் போதுமான அளவு போவதில்லை. நனோத்துகள் என்ற எண்ணம் அதனால்தான் வந்தது.

மூலப்பொருள்

கடை மஞ்சள்தூளில் தொடங்காதீர்கள். 2020இல் இறக்குமதி தடைப்பட்டு விலை ஏறியபோது கலப்படமும் கூடவே வந்தது. நல்ல மஞ்சளிலும் குர்குமினொயிட்டுகள் ஏறத்தாழ 2 முதல் 5 வீதம்தான். மீதி மாப்பொருளும் எண்ணெயும் நாரும். உள்ளூர் மஞ்சளைத்தான் எடுக்க வேண்டும் என்றால், எதனோல் சாற்றில் சில துளி அடர் ஐதரோகுளோரிக் அமிலம் விட்டுப் பாருங்கள். சிவந்த நிறம் நீர் சேர்த்தபின் மங்கினால் அது மஞ்சளின் நிறம். மங்காமல் ஊதாச்சிவப்பாகவே நின்றால் மெற்றனில் மஞ்சள் சாயம் கலந்திருக்கக் கூடும். அந்தத் தூளை விட்டுவிடுங்கள்.

வாங்கும் குர்குமினும் தனிச் சேர்மம் அல்ல. வணிகப் போத்தலில் குர்குமின் முக்கால் பங்களவு. டிமெதொக்சி, பிஸ்டிமெதொக்சி வடிவங்கள் மீதி. சிலிக்கா தட்டில் குளோரோபோம் 95, மெதனோல் 5 என்ற விகிதத்தில் ஓடவிட்டால் மூன்று மஞ்சள் பொட்டுகள் வரும். மேலே நிற்பது குர்குமின், அடியில் நிற்பது பிஸ்டிமெதொக்சி. தூய்மையை எண்ணாகப் பார்க்க வேண்டுமென்றால் எதனோலில் 5 மைக்ரோகிராம்/மில்லிலீற்றர் கரைசல் செய்து 425 நனோமீற்றரில் அளவுங்கள். ஒரு சென்ரிமீற்றர் குவெட்டில் உறிஞ்சுகை 0.8 அளவில் வர வேண்டும். 0.6 வந்தால், ஒன்று நிறுவை பிழை, அல்லது போத்தலில் இருப்பது முகப்பில் எழுதியது அல்ல.

பீஎல்ஜீஏ 50:50 வகையை மறை 20 பாகையில் வைப்போம். நம் கரையோர ஈரப்பதத்தில் மிக அதிகமாகக் கெடுவது இதுதான். குளிரிலிருந்து எடுத்ததும் போத்தலைத் திறந்தால் உள்ளே நீர் ஒடுங்கும்; ஈரம் பட்ட பல்பகுதியம் மெல்ல மெல்ல நீர்ப்பகுப்படையும்; சில மாதத்தில் அதே செய்முறை வேறு துகளைத் தரும். மூடிய போத்தலை ஈரம் உறிஞ்சும் உலர்த்தியில் (டெசிக்கேற்றர்) ஒரு மணி நேரம் வைத்து, அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு மட்டும் திறவுங்கள். இன்னும் நல்லது, புதுப் போத்தல் வந்த அன்றே 50 மில்லிகிராம் பங்குகளாகப் பிரித்துச் சிறு குப்பிகளில் அடைத்துவிடுவது.

துகள் செய்தல்

துகள்கள் ஒட்டாமல் காக்கும் பி.வி.ஏ. (பொலிவைனைல் அற்ககோல்) 1 வீதக் கரைசல் முதல் நாளே தயாராக இருக்கட்டும். 87–89 வீதம் நீர்ப்பகுத்த வகையை எடுங்கள். குளிர்ந்த நீரில் கலக்கிக்கொண்டே சிறிது சிறிதாகத் தூவி, பிறகு 80–90 பாகைக்குச் சூடாக்கிக் கரையுங்கள். சுடுநீரில் ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி கட்டியாகி நாள் முழுக்கக் கரையாது. ஆறியதும் 0.45 மைக்ரோன் வடியில் வடியுங்கள்.

அடுத்த நாள் 50 மில்லிகிராம் பீஎல்ஜீஏயையும் 5 மில்லிகிராம் குர்குமினையும் 5 மில்லிலீற்றர் அசற்றோனில், மூடிய கண்ணாடிக் குப்பியில் கரையுங்கள். அசற்றோனின் கொதிநிலை 56 பாகை. பகல் 33 பாகை அறையில் திறந்த முகவையில் வைத்தால் நீங்கள் பிப்பெற்றைத் தேடும் நேரத்துக்குள் செறிவு மாறிவிடும். கரைசல் முழுத் தெளிவாக வேண்டும். குப்பியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மிதக்கும் பொடி தெரிந்தால் இன்னும் கலக்குங்கள்.

15 மில்லிலீற்றர் பி.வி.ஏ. கரைசலைக் காந்தக் கலக்கியில் நிமிடத்துக்கு 500–600 சுற்றில் வைத்து, மெல்லிய ஊசி பூட்டிய சிரிஞ்சால் நிமிடத்துக்கு 1 மில்லிலீற்றர் வீதம் விடுங்கள். ஊசிமுனை நீர்மட்டத்துக்கு உள்ளே இருக்கட்டும். அசற்றோன் நீரில் பரவிய கணமே பல்பகுதியம் கரையாமல் துகளாக வீழும். மருந்தும் நீருக்குப் பயந்து அதனுள் அகப்படுகிறது என்பதுதான் இம்முறையின் அடிப்படை. பிறகு ஆவி உறிஞ்சும் கூண்டில் (fume hood), சூடாக்காமல், 4 மணி நேரம் திறந்து கலக்குங்கள். முகவையைச் சுற்றி அலுமினியத்தாள் கட்டாயம், குர்குமின் வெளிச்சத்தில் சிதையும்.

வெப்பநிலையை இங்கே கவனிக்க வேண்டும். உலர்ந்த பீஎல்ஜீஏ இளகும் வெப்பநிலை 45–50 பாகை. நீர் உறிஞ்சியபின் அது முப்பதுகளுக்கு இறங்கிவிடும். குளிர்நாட்டில் எழுதிய செய்முறைகளில் "அறை வெப்பநிலையில் கலக்கவும்" என்றிருக்கும். அந்த அறை 20 பாகை. பங்குனி, சித்திரை வெயிலில் குளிரூட்டி இல்லாத அறையில் அதே வேலையைச் செய்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். காந்தக் குச்சியின் நுனியில் மஞ்சள் பிசின் சுற்றியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. முகவையை ஐஸ் கலந்த நீர்த்தொட்டியில் 20 பாகை அளவில் வையுங்கள். அசற்றோன் ஆவியாவது மெதுவாகும், நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெறும் துகளையும் அதே நாளில், குர்குமின் இல்லாமல், மற்ற எல்லாம் அப்படியே வைத்துச் செய்யுங்கள். இது பின்னால் கட்டாயம் தேவைப்படும்.

கழுவலும் அளத்தலும்

நல்ல தொங்கல் (துகள்கள் மிதக்கும் திரவம்) வெளிர்மஞ்சள் பாலாக இருக்கும், அடியில் ஒன்றும் தங்காது. செம்மஞ்சள் மினுக்கம் தெரிந்தால் ஒரு துளியைச் சாதாரண நுணுக்குக்காட்டியில் பாருங்கள். ஊசி ஊசியாகப் பளிங்குகள் தெரிந்தால் குர்குமின் துகளுக்குள் போகாமல் வெளியே பளிங்காகிவிட்டது. 200 நனோமீற்றர் துகளின் உருவை அந்த நுணுக்குக்காட்டியில் பிரித்துப் பார்க்க முடியாது. பளிங்கைப் பார்க்க முடியும். ஐந்து நிமிட வேலை இது, மற்றெல்லாக் கருவிக்கும் முந்தியது.

முதலில் 1,000 ஜீயில் (புவியீர்ப்பின் ஆயிரம் மடங்கு விசையில்) 10 நிமிடம் சுழற்றுங்கள். அடியில் படியும் மஞ்சள், அடைபடாத பளிங்கு. மேலுள்ள பாலை மட்டும் எடுத்து, 4 பாகையில் 15,000 ஜீயில் 30 நிமிடம் சுழற்றி, படிவை வடித்த நீரில் மீளக் கலக்கி, இன்னொரு முறை கழுவுங்கள். கடைசியில் 10 மில்லிலீற்றருக்கு ஆக்குங்கள். கருவியில் சுற்றுதான் எழுதியிருக்கும் என்றால், ஆரத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து 0.00001118ஆலும் சுற்றின் வர்க்கத்தாலும் பெருக்குங்கள். 8 சென்ரிமீற்றர் ஆரத்தில் 13,000 சுற்று என்பது 15,000 ஜீ அளவு. சுழற்றிய பின்னும் மேல்நீர் பாலாகவே இருந்தால் துகள் மிகச் சிறிது. வேகத்தைக் கூட்டுவதைவிட 100 கிலோடால்டன் வடிகுழாயில் கழுவுவது மேல். படிவு கரையாத பிசினாக நின்றால் குளிரூட்டல் வேலை செய்யவில்லை, அல்லது அளவுக்கு மீறிச் சுழற்றியிருக்கிறீர்கள்.

இப்போது அடைபட்ட அளவு. பல ஆய்வறிக்கைகளில் மேல்நீரில் மிஞ்சிய குர்குமினை அளந்து, மொத்தத்திலிருந்து கழித்து, "98 வீதம் அடைபட்டது" என்று எழுதியிருக்கும். நீரில் கரையும் மருந்துக்கு இந்தக் கணக்கு சரி. குர்குமின் நீரில் கரையாது. வெளியே நின்ற குர்குமின் மேல்நீரில் இருக்காது, பளிங்காகி அடியில் படிந்திருக்கும். அந்தப் பளிங்கும் அடைபட்டதாகவே கணக்கில் ஏறிவிடுகிறது. ஆகவே துகளை உடைத்து உள்ளிருப்பதை நேரே அளக்க வேண்டும். தொங்கலில் 50 மைக்ரோலீற்றர் எடுத்து 950 மைக்ரோலீற்றர் அசற்றோநைற்றைலில் விட்டு, நன்றாகக் கலக்கி, சுழற்றி, மேற்கரைசலை ஏற்றபடி ஐதாக்கி அளவுங்கள். நியமக் கோட்டையும் (தெரிந்த செறிவுகளை அளந்து வரையும் ஒப்பீட்டுக் கோடு) அதே 95 வீத அசற்றோநைற்றைலில் போடுங்கள். எதனோலில் போட்ட கோட்டை இங்கே பயன்படுத்தினால் உச்சம் சற்று நகர்ந்து விடை தவறும். வெறும் துகளையும் இப்படியே உடைத்து அதைப் பூச்சியமாக வையுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறோம். 10 மில்லிலீற்றர் தொங்கலில் 3.5 மில்லிகிராம் குர்குமின் இருக்கிறது என்று வந்தால், போட்டது 5 என்பதால் அடைபட்டது 70 வீதம். ஒரு பங்கை உலர்த்தி நிறுத்ததில் மொத்தத் துகள் 40 மில்லிகிராம் என்றால், ஏற்றம், அதாவது துகளின் நிறையில் மருந்தின் பங்கு, 8.75 வீதம். மூலக்கூற்று நிறை 368.4, ஆகவே 0.35 மில்லிகிராம்/மில்லிலீற்றர் என்பது 950 மைக்ரோமோலர். கலங்களுக்கு 20 மைக்ரோமோலர் கொடுக்க, 1 மில்லிலீற்றர் ஊடகத்தில் 21 மைக்ரோலீற்றர் தொங்கல். அந்த 21 மைக்ரோலீற்றரில் 84 மைக்ரோகிராம் துகள் போகிறது. வெறும் துகளையும் அதே 84 மைக்ரோகிராம் கொடுத்தால்தான் ஒப்பீடு செல்லும். மூன்று தனித்தனித் தொகுதிகளில் இதைச் செய்யாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

பருமனுக்கு ஒளிச்சிதறல் கருவி வேண்டும். உங்கள் பீடத்தில் இல்லை என்றால் ஹோமாகமையில் உள்ள நனோதொழில்நுட்ப நிறுவனமான ஸ்லின்ரெக் போன்ற இடங்களில் கட்டணத்துக்குப் பார்க்கலாமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். 100–200 நனோமீற்றர், பரவற் சுட்டி (துகள்களின் பருமன் எவ்வளவு வேறுபடுகிறது என்ற அளவு) 0.2க்குக் கீழ் என்பது நல்ல தொகுதி. மாதிரியை இரவுப் பேருந்தில் கொண்டுபோகும்போது ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஆனால் குப்பி ஐஸைத் தொடக்கூடாது. பாதுகாப்புச் சீனி இல்லாமல் உறைந்த தொங்கல் உருகியதும் கட்டியாகிவிடும். உறைநிலையில் உலர்த்துவதானால் 5 வீத திரெகலோசு என்ற அத்தகைய சீனி சேர்த்த பிறகே. இல்லையென்றால் 4 பாகையில் இருட்டில் வைத்து ஓரிரு நாளில் பயன்படுத்துங்கள்.

கிருமிநீக்கத்துக்கு அழுத்த அடுப்பு (ஓட்டோகிளேவ்) ஆகாது, துகள் உருகிவிடும். 0.22 மைக்ரோன் வடியில் வடித்தால் பெரிய துகள்கள் தங்கிவிடும், ஆகவே வடித்த பிறகு குர்குமினை மறுபடி அளந்து புதிய செறிவைப் பயன்படுத்துங்கள்.

காத்தான்குடி, சாய்ந்தமருதுப் பக்கம் கருஞ்சீரகத்தின் தைமோகுவினோனை இதே முறையில் செய்ய ஆசைப்படுபவர்கள் உண்டு. நல்ல ஆசைதான். ஆனால் தைமோகுவினோன் ஆவியாகும் சேர்மம். நான்கு மணி நேரம் திறந்து கலக்கும்போது அசற்றோனோடு அதுவும் போய்விடும். இந்தச் செய்முறை அப்படியே பொருந்தாது.

கலங்களில் சோதனை

யூ87 கலத்தை நம்பகமான கலவங்கியிலிருந்து எடுங்கள். 2016இல் வெளியான மரபணு ஒப்பீடு, உலகெங்கும் விற்கப்படும் யூ87, 1960களில் சுவீடனின் உப்சாலாவில் எடுத்த மூலக் கட்டியோடு பொருந்தவில்லை என்று காட்டியது. அது குளியோபிளாஸ்ரோமாவாகவே இருக்கக்கூடும், ஆனால் வேறொருவருடையது. ஆகவே மரபணு அடையாளச் சான்றையும் மைக்கோபிளாஸ்மா (கல வளர்ப்பில் தொற்றும் நுண்ணுயிர்) சோதனையையும் கேட்டு வாங்குங்கள். ரி98ஜி போன்ற இரண்டாவது கலவகையும், முடிந்தால் புற்றில்லாத மூளைக் கலமான மனித அஸ்ரோசைற்றும் சேர்த்தால் முடிவுக்குப் பலம் கூடும்.

10 வீத எப்.பி.எஸ். (மாட்டுக் கருவின் சீரம்) சேர்த்த ஊடகத்தில், 96 குழித் தட்டில் குழிக்கு 5,000 கலம். ஓரக் குழிகளில் கலம் போடாதீர்கள், பி.பி.எஸ். (பொசுபேற்று உப்புக் கரைசல்) நிரப்புங்கள், ஓரம் வேகமாக வற்றும். 24 மணி ஒட்டவிட்டு, 2.5 முதல் 80 மைக்ரோமோலர் வரை இரட்டிப்பாகக் கொடுங்கள். அடைக்காத குர்குமினுக்கு டி.எம்.எஸ்.ஓ. எனும் கரைப்பானில் 20 மில்லிமோலர் கரைசல், அதாவது 1 மில்லிலீற்றரில் 7.4 மில்லிகிராம். 20 மைக்ரோமோலருக்கு இது ஆயிரத்தில் ஒரு பங்காக ஐதாகும்; டி.எம்.எஸ்.ஓ. 0.1 வீதம். 80 மைக்ரோமோலரில் 0.4 வீதம். எல்லாக் குழிக்கும், மருந்தில்லாக் குழிக்கும், ஒரே டி.எம்.எஸ்.ஓ. அளவு வருமாறு சரிக்கட்டுங்கள்.

சீரம் இல்லாத, பீஎச் 7.2, 37 பாகைக் கரைசலில் குர்குமினில் ஏறத்தாழ 90 வீதம் அரை மணியில் சிதைந்துவிடும் என்பது 1997 முதல் தெரிந்த செய்தி. 10 வீத சீரம் இருந்தால் பாதி சிதைய 8 மணி அளவு எடுக்கும். சீரம் இல்லாமல் சோதித்து, "நனோத்துகள் சிறந்தது" என்று வந்தால், ஒப்பிட்டது முன்னரே செத்துப்போன மருந்தோடு. துகளைக் கூழ்பிரிப்புப் பையில் (dialysis) இட்டு, பி.பி.எஸ்.இல் மருந்து விடுவிப்பை அளக்கும்போதும் இதே கண்ணி. வெளிநீரில் வருவதை மட்டும் அளந்தால், வெளிவந்ததும் சிதைந்த குர்குமின் வெளிவராததாகத் தோன்றும். பைக்குள் மிஞ்சியதையும் உடைத்து அளவுங்கள். வெளிநீரில் 0.5 வீதம் பொலிசோர்பேற் 80 எனும் சவர்க்காரம் போன்ற சேர்மம் சேர்த்தால்தான் குர்குமின் கரைய இடம் கிடைக்கும்.

எம்.ரி.ரி. எனும் மஞ்சள் சாயத்தை உயிருள்ள கலம் ஊதாவாக்கும்; அந்த நிறத்தை அளக்கும் சோதனையில் குர்குமின் மூன்று விதமாக ஏமாற்றும். அதன் மஞ்சள் நிறம் வாசிப்பில் சேரும். அது பொலிபீனோல் என்பதால் கலமே இல்லாவிட்டாலும் எம்.ரி.ரி.யை ஊதாவாக்கக் கூடும். அப்போது செத்த கலம் உயிரோடிருப்பதுபோல் தெரியும். மூன்றாவது யூ87இன் குணம். அது தட்டில் இறுக ஒட்டாது, கொத்தாகத் திரளும். ஊடகத்தை வேகமாக உறிஞ்சினால் உயிருள்ள கொத்தே போய்விடும், உங்கள் வரைபில் அது மருந்தின் வெற்றியாகப் பதியும். கலமில்லாக் குழியில் குர்குமினும் எம்.ரி.ரி.யும் சேர்த்த கட்டுப்பாடு வையுங்கள். மருந்து ஊடகத்தைக் குழியின் சுவரோரமாக, தட்டைச் சாய்த்து, மெதுவாக எடுத்து, ஒருமுறை கழுவி, 0.5 மில்லிகிராம்/மில்லிலீற்றர் எம்.ரி.ரி.யில் 3–4 மணி வைத்து, டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்து 570இல் வாசியுங்கள், 630ஐக் கழியுங்கள். பிறகு ஒரு செறிவிலாவது, செத்த கலத்தை நீலமாக்கும் திரிப்பான் நீலம் போட்டுக் கலத்தைக் கண்ணால் எண்ணுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் எண்ணிக்கையை நம்புங்கள்.

குர்குமின் பச்சையாக ஒளிரும். கலத்துக்குள் துகள் போனதைப் பார்க்க இது வசதி. ஆனால் அனெக்சின்–எப்.ஐ.ரி.சி. போன்ற பச்சைச் சாயத்தால் கல இறப்பை அளந்தால், குர்குமின் ஏறிய கலமெல்லாம் "இறப்பு" என்று எண்ணப்படும். செம்மைப் பக்கச் சாயம் எடுங்கள்.

ரெமோசோலோமைட்டோடு ஒப்பிட ஆசை வரும். கவனம். பீஎச் 7.4இல் அதன் அரைவாழ்வு இரண்டு மணிக்கும் குறைவு, டி.என்.ஏ.யில் அது விட்ட காயம் கலம் பிரிந்த பிறகுதான் கொல்லும். 24 மணி எம்.ரி.ரி.யில் அது ஒன்றுமே செய்யாததுபோல்தான் தெரியும். அதைக் கொண்டு "நம் மஞ்சள் ரெமோசோலோமைட்டை வென்றது" என்று எழுதுவது நோயாளிக்கும் அறிவியலுக்கும் செய்யும் தீங்கு. ஒப்பிடுவதானால் 72 மணிக்கு மேல், அல்லது கலத்தைக் குறைவாக விதைத்து 10–14 நாளில் கொலனிகளை எண்ணுங்கள்.

மூன்று குழி மூன்று சோதனை ஆகாது. வெவ்வேறு நாளில், வெவ்வேறு தலைமுறைக் கலத்தில், வெவ்வேறு தொகுதித் துகளில் செய்த மூன்றுதான் மூன்று.

மூளை என்று எப்போது சொல்லலாம்

பொலிசோர்பேற் 80 பூசிய துகள் இரத்தத்தில் கொழுப்பைக் காவும் அபோலிப்போபுரதம் ஈயைப் போர்த்திக்கொண்டு, மூளை நாளக் கலங்களில் அப்புரதத்தைப் பிடிக்கும் எல்.டி.எல். ஏற்பிகள் வழியே உட்செல்லும் என்பது இத்துறையில் அறியப்பட்ட வழி. 1 வீதக் கரைசலில் அரை மணி கலக்கிப் பூசலாம். ஆனால் யூ87 தட்டில் தடுப்பே இல்லை. பூச்சின் பயன் அங்கே தெரியாது. தெரிந்தால் அது பொலிசோர்பேற் கலமென்சவ்வைக் குலைத்ததாக இருக்கலாம், பூசிய வெறும் துகளை ஒப்பிட்டுப் பாருங்கள். தடுப்பைத் தாண்டுகிறது என்று சொல்ல, எச்.சி.எம்.ஈ.சி./டி3 போன்ற நாளக் கலங்களைத் துளையுள்ள செருகுதட்டில் வளர்த்து, மின்தடையை முன்னும் பின்னும் அளந்து, கீழறைக்கு வந்த குர்குமினை அளக்க வேண்டும். பின்னர் மின்தடை விழுந்திருந்தால் துகள் தடுப்பைக் கடக்கவில்லை, உடைத்திருக்கிறது. அந்தச் சோதனை செய்யாத ஆய்வறிக்கையின் தலைப்பில் "யூ87 கலங்களில்" என்று எழுதுங்கள், "மூளைப் புற்றுக்கு மருந்து" என்று எழுதாதீர்கள்.